பஞ்சைக் கழுவியவர்

மூன்றாவது குவளைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றும்போதுதான் கூடத்தில் அழுகைச் சத்தம் நின்றுபோயிருப்பதை மருமகள் கவனித்தாள். அழ வந்தவர்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். மாமனார் வாடகைக்கு வந்த குளிர்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். தலைமாட்டுக்கு இரண்டடி தள்ளி, அவரே வெல்டிங் வைத்துச் செய்த ஸ்டாண்டின் மேல் மீன்தொட்டி. கண்ணாடிப் பெட்டி இரண்டு, இரண்டிலும் மோட்டார் ஓடுகிறது. இந்த லட்சணத்தில் வீட்டு மருமகள் சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, போனவருக்கு முதுகைக் காட்டி நின்று மீனுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தால், அழுகிறவர்களுக்கு அழுகை எங்கிருந்து வரும்.

“ஏம்மா, இப்ப அது அவ்வளவு முக்கியமா?” என்றாள் போனவரின் தங்கை. காலையில் வந்ததிலிருந்து குளிர்பெட்டி மூடியின் மேல் வைத்த கையை எடுக்காதவள்.

“மாமா பாதியில விட்டுட்டாரு அத்தை. அதுக்கு மூச்சு முட்டுது.”

“இங்க மூச்சே போய்க் கெடக்கான் ஒருத்தன். நீ மீனுக்கு முட்டுதுங்கற.”

மருமகள் உள்ளங்கையைத் தண்ணீர்மட்டத்தில் வைத்து, அதன் மேல் விழும்படி நான்காவது குவளையை ஊற்றினாள். கூழாங்கல் கலங்காமலிருக்க மாமனார் அப்படித்தான் ஊற்றுவார்.

காலையில் நடந்தது இவ்வளவுதான். ஆறரைக்கு எழுந்து, ரப்பர் குழாய் வைத்துத் தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, புதுத் தண்ணீர் எடுக்கப் பால்கனிக்குப் போனார். முதல் நாளே பிடித்து மூன்று வாளிகளில் உட்கார வைத்த தண்ணீர். குழாயில் வரும் மருந்து வாடை போக ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடக்க வேண்டுமாம். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், நடுவில் நின்று அதைக் கீழே வைத்தார். ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தார். அதன் பிறகுதான் விழுந்தார். அடுப்படியிலிருந்து பார்த்த மருமகளுக்கு, அவர் ஏதோ தொலைத்ததைத் தேடிக் குனிகிறார் என்றுதான் தோன்றியது. அடுத்த தெரு டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். வாசலில் நின்ற பழைய கூட்டாளி ஒருவர், “இவன் கை வச்ச லிப்ட் ஒண்ணுகூட நடுவுல நின்னதில்ல. இவன் நின்னுட்டான் பாரு” என்று சொல்லி, தானே சிரித்து, தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாக அமைந்துவிட்டதால் அடுத்து வந்த மூன்று பேரிடமும் அதையே சொன்னார்.

ரிட்டயர் ஆனபிறகு, மோட்டார் சத்தம் இல்லாத வீட்டில் லிப்ட்காரருக்கு உட்காரத் தெரியவில்லை. அதற்காகத்தான் தொட்டியே வந்தது. மற்றவர்களாக இருந்தால் தொட்டியும் மீனும் ஒரே ஆட்டோவில் வந்திறங்கும். இவர் ஒரு மாதம் வெறும் தண்ணீரை ஓட்டினார். ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்பின் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார். மீன் எங்கே என்று கேட்டவர்களிடம், “தண்ணி இன்னும் பழகல” என்பார். கீழ்வீட்டுத் தையற்காரர் நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிக் காட்டினார். கடைசியில் ஒரே ஒரு தங்க மீன் வந்தது, தீப்பெட்டி நீளத்தில்.

இனி மருமகள். ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளை ஆட்டோகிளேவில் அடுக்கி ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக வேலை. கட்டின் மேல் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு தெரிந்தால்தான் உள்ளே ஒன்றும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். அந்தக் கோட்டைப் பார்க்காமல் அவள் எதையும் நம்பமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். சோப்பையே ஒரு முறை அலசிவிட்டுத்தான் கையில் தேய்ப்பாள். மாடிப்படியில் அவளுக்குப் ‘பினாயில்’ என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைதான்.

போன சனிக்கிழமை மாமனார் இரண்டு நாளைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது தொட்டி கண்ணைப் பறிக்க வேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டாள். மீனை வாளியில் விட்டாள். தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். கூழாங்கற்களைக் குக்கரில் போட்டு வேகவைத்தாள். பம்புக்குள் ஒரு பஞ்சு இருந்தது, பழுப்பாக, வழுவழுவென்று. அதைப் பார்த்தவுடன் அவளுக்கு உடம்பு கூசியது. பிளீச்சிங் பவுடர் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவர் தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

“ஏழு தடவை அலசினேன் மாமா பஞ்ச. எப்படி இருந்தது தெரியுமா.”

“ம்க்கும்” என்று தொண்டையைக் கனைத்தார். பிறகு, “பளிச்சுன்னு இருக்கும்மா” என்றார்.

திங்கட்கிழமை மீன் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. துடுப்புகளை நனைந்த குடை மாதிரி உடம்போடு மடக்கிக்கொண்டது. வாலில் சிவப்பாக நூல் நூலாகக் கோடு. அன்றிலிருந்து காலையும் மாலையும் மாமனார் வாளி தூக்கினார், கல்லுப்பைக் கரைத்து ஊற்றினார், தீனியை நிறுத்தினார்.

“நான் தூக்கறேன் மாமா.”

“நீ டூட்டிக்குக் கெளம்பு. புதுத் தொட்டின்னா அப்படித்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு மறுபடி ஒரு கனைப்பு. “என்ன மாமா?” என்பாள். “ஒண்ணுமில்லம்மா” என்பார். நான்கு நாளும் இப்படியே.

சனிக்கிழமை கழுவினோம், திங்கட்கிழமை சீக்கு, வெள்ளிக்கிழமை இப்படி. இந்தக் கணக்கை மருமகள் காலையிலிருந்து பலமுறை போட ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டுவிட்டாள். மீன் பிழைத்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. புதுத் தொட்டி, அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னது சரியாகிவிடும். பிழைக்காவிட்டால் என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை. குவளையை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

வாளி காலியானது. பம்பின் வாய் முழுக்க முங்க இன்னும் இரண்டு விரற்கடை வேண்டியிருந்தது. மிச்ச இரண்டு வாளிகளை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். ஒன்றில் மாடிவீட்டு அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொன்று ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தது.

“நல்ல வேளை, தண்ணி புடிச்சு வச்சிருந்தீங்க. அழுது அழுது மொகமெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு” என்றாள் மாடிவீட்டு அக்கா.

மருமகள் வாளிக்குள் பார்த்தாள். சோப்பு நுரை.

உள்ளே ஒரு சத்தம் தொடங்கியிருந்தது. வாய் அரைகுறையாக முங்கியிருந்தால் பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை ஒன்று வரும்: ம்க்கும். ஒரு மனிதர் பேச்சைத் தொடங்குமுன் தொண்டையைச் சரிசெய்வது போல.

முதல் தடவை கேட்டபோது கூடத்தில் எல்லோரும் குளிர்பெட்டியைப் பார்த்தார்கள். இரண்டாவது தடவைக்கு ஒரு பெண் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். மூன்றாவது தடவை, கதவருகில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்த மருமகள் தன்னை அறியாமல் திரும்பி, “என்ன மாமா?” என்றாள்.

அவ்வளவுதான். அறுந்துபோன அழுகை மொத்தமும் திரும்பி வந்தது. அத்தை அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “பெத்த பொண்ணு மாதிரி இருந்தாளே” என்றாள். தோளில் கிடந்தபடியே மருமகள் அடுத்த கனைப்புக்காகக் காத்திருந்தாள். அது வந்தது.

அவள் கணவன், டிப்போவில் டைம்கீப்பர், பஸ் தாமதத்தைத் தவிர வேறெதற்கும் குரல் உயர்த்தாதவன், பேசாமல் போய் ஸ்விட்சை அணைத்தான். மீன் மேலே வந்து கண்ணாடியோரம் சாய்ந்தது. அவள் போய்ப் போட்டாள். அவன் அணைத்தான். அவள் போட்டாள்.

“நாலு பேரு பார்க்கறாங்க” என்றான் பல்லுக்குள்.

“அது செத்துடும்.”

“செத்தா சாகட்டும்.”

“இன்னைக்கு வேண்டாம்” என்றாள். அவள் முகத்தில் எதைக் கண்டானோ, ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அடுத்த தொல்லை, தீனி டப்பா. துக்க வீட்டில் கைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரிவதில்லை. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், மகனின் தோளைத் தட்டினார்கள், பிறகு தொட்டிப் பக்கம் ஒதுங்கினார்கள். “பாவம், வாயைத் திறந்து திறந்து கேக்குது பாரு. அதுக்கும் தெரிஞ்சிருக்கு” என்று ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை போட்டார்கள். பசி என்று நினைத்துப் போட்டது, அதற்கோ மூச்சு. தின்னப்படாத தீனி ஊறி, கல்லின் மேல் படிந்தது. மருமகள் டீ வடிகட்டியால் அதை அள்ளி அள்ளிக் கொட்டினாள். டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாடிவீட்டு அக்கா தன் வீட்டிலிருந்து ரொட்டித்துண்டு கொண்டுவந்தாள்.

“வேண்டாம்க்கா. அதுக்கு உடம்பு சரியில்ல.”

“உடம்பு சரியில்லன்னாதானே சாப்பிடணும்.”

இரண்டு மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒருவர் தயங்கி நின்றார். கையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பை. உள்ளே கறுப்பும் பழுப்புமாக ஏதோ ஒன்று.

“யாருப்பா?” என்றாள் அத்தை.

“மீன் கடைங்க.”

“இன்னைக்கா? இந்த வீட்டுல யாரு மீனு கேட்டா?”

“திங்கற மீனு இல்லம்மா. வளக்கற மீனு. அண்ணனுக்குத் தொட்டி குடுத்தது நான்தான்.”

அவர் பெட்டியருகே போய் நின்றார். அடக்கமான ஆள்தான். ஆனால் கண் தானாகவே தொட்டிக்குப் போனது. குனிந்து பார்த்தார். மீனின் வாலைப் பார்த்தார். கல்லின் மேல் ஊறிக் கிடந்த ரொட்டியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“நேத்து சாயங்காலம்கூட போன்ல பேசினாரு. உன் கடையில நல்லா ஓடின தொட்டியில இருந்து பழைய பஞ்சு ஒண்ணு எடுத்து வை, காலையில ஏழு மணிக்கு வர்றேன்னாரு. எட்டு வரைக்கும் பார்த்தேன். அண்ணன் நேரம் தவற மாட்டாரேன்னு...” பையைத் தூக்கிக் காட்டினார்.

“பழைய பஞ்சு எதுக்கு?” என்றான் மகன்.

“மீனு கழிக்கறது தண்ணியில விஷமாத் தங்கும் சார். அதத் தின்னு தீக்கற கிருமி பஞ்சுலதான் ஊரும். நல்ல கிருமி. அது ஊர ஒரு மாசம் ஆகும். அதுக்குத்தான் அண்ணன் ஒரு மாசம் சும்மா ஓட்டினாரு. அந்தப் பஞ்சப் போயி வெந்நியில போட்டு, பிளீச்சிங் பவுடர்ல ஊறவச்சுக் கழுவினா? ஒண்ணு மிச்சமில்லாம செத்துப்போச்சு. மீனு தன் விஷத்துலயே கெடக்குது. புதுத் தண்ணி ஊத்தி ஊத்தித்தான் இத்தனை நாளு உசுரப் புடிச்சு வச்சிருந்தாரு.”

“யாரு கழுவினது?” என்றான் மகன்.

மருமகள் குளிர்பெட்டியின் ஒயர் சுவருக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு, அவருதான்” என்றார் கடைக்காரர். “புத்தி கெட்டுப்போய் நானே கழுவிட்டேம்ப்பான்னாரு. நானும் விடல. படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணே, எத்தனை தடவ அலசித் தொலைச்சீங்கன்னு கேட்டேன். ஏழு தடவைன்னாரு. ஏழு. பத்து நிமிஷம் திட்டினேன் சார். திட்டு, திட்டு, தப்புதான்னு கேட்டுக்கிட்டாரு. நேத்துப் போயி திட்டியிருக்கேன் பாருங்க.”

கூடத்தில் ஒரு நெகிழ்ச்சி பரவியது, சிரிப்பும் கலந்து.

“அப்பா எப்பவும் இதான்” என்றான் மகன், காலையிலிருந்து முதல் முறையாக முகம் இளகி. “நல்லா ஓடிக்கிட்டு இருக்கறத நோண்டாம இருக்கமாட்டாரு.”

“சின்னதுலயே ரேடியோவக் கழுவிக் காயப்போட்டவன்தானே” என்றாள் அத்தை.

கடைக்காரர் செருப்பு மாட்டுவதற்குள் செய்தி மாடியேறி, இறங்கி, தையற்காரர் வரை போய்விட்டது: தானே கழுவினாராம், தானே கெடுத்தாராம், அதைச் சரிபண்ண வாளி தூக்கித் தூக்கித்தான் போய்ச் சேர்ந்தாராம். கேட்டவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். யாருக்கும் கோபம் இல்லை. ஒரு மனிதனைப் பற்றி வைத்துக்கொள்ள நல்ல கதை.

மருமகள் வாயைத் திறந்தாள். பம்பு கனைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் பையை அவளிடம்தான் கொடுத்தார். கூடவே ஒரு சிறு புட்டி. குழாய்த் தண்ணீரில் இதை நாலு சொட்டு விட்டால் மருந்து முறிந்துவிடும், உட்கார வைக்கத் தேவையில்லை. பஞ்சை அப்படியே தொட்டிக்குள் பிழிய வேண்டும். “அழுக்கா இருக்கேன்னு அலசிடாதீங்கம்மா. நீங்களாவது” என்றார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. கூட்டம் அதோடு போனது. யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள், அவள் இருந்தாள். தரை முழுக்க நாற்பது பேரின் கால்தடம். எந்த நாளிலும் அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க அவளால் முடியாது. அன்றைக்குத் துடைப்பம் எங்கே இருக்கிறது என்றுகூட அவள் நினைக்கவில்லை.

வாளியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். பால்கனியிலிருந்து தொட்டிவரை பதினாலு எட்டு. இதை நாளுக்கு ஆறு தடவை. இரண்டாவது வாளி ஊற்றும்போது தண்ணீர் பம்பின் வாயை முழுக்க மூடியது. கடைசியாக ஒரு முறை, மிகவும் சன்னமாக, ம்க்கும். பிறகு அது தண்ணீருக்குள் போய்விட்டது.

காலையிலிருந்து அந்தச் சத்தம் நிற்க வேண்டுமென்றுதான் இருந்தாள். நின்றபிறகு, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அரை நிமிஷம், இன்னொரு அரை நிமிஷம் என்று காதைக் கொடுத்துக்கொண்டே நின்றாள். “சொல்லுங்க மாமா” என்றாள் மெதுவாக. பம்பு சீராக ஓடியது.

பையைப் பிரித்தாள். சாக்கடை வாடை. கை பழக்கத்தில் கையுறைப் பெட்டியைத் தேடிப் போய், பாதி வழியில் திரும்பியது. வெறுங்கையால் பஞ்சை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தாள். விரலிடுக்குகளில் வழவழப்பாக ஏதோ நழுவியது. கண்ணைத் திறந்தபோது பழுப்பு மேகம் ஒன்று தொட்டியின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, கல்லை மூடி, செடியை மூடி, மீனையும் மூடிவிட்டது.

கணவன் திரும்பியபோது ஐந்தரை. தோளில் கிடந்த ஈரத்துண்டைக்கூட எடுக்காமல், குளிர்பெட்டி இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தான். தொட்டியை அப்போதுதான் பார்த்தான்.

“என்ன இது, ஒண்ணுமே தெரியல?”

“பஞ்சு பிழிஞ்சிருக்கேன். அடங்கிடும்.”

அவன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். “நாலு நாளா வாளி தூக்கியிருக்காரு. நானும் பார்த்துக்கிட்டேதான் டிப்போவுக்குப் போனேன். ஏன்ப்பான்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பஞ்ச அப்படியே விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல இந்த மனுஷன்.”

“அவரு கழுவல.”

அவன் நிமிர்ந்தான்.

“அவரு அத்தை வீட்டுக்குப் போயிருந்தப்போ நான் கழுவினேன். பிளீச்சிங் பவுடர் போட்டு. ஏழு தடவை.” அவள் கைகள் முழங்கை வரை பழுப்பாக இருந்தன. அவற்றை உடம்பில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் யாரோ பேசிக்கொண்டே ஏறினார்கள். மாடியில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“வந்தவுடனே நானேதான் சொன்னேன். பளிச்சுன்னு இருக்குன்னாரு.”

அவன் எழுந்தான். கத்துவான், அல்லது வெளியே போய்விடுவான் என்று அவள் இரண்டுக்கும் தயாராக நின்றாள். அவன் வந்து தொட்டியின் முன்னால் நின்றான், அவளை உரசாமல். வெளிச்சம் தெறிக்காமலிருக்க இரண்டு கைகளாலும் கண்ணுக்கு அணைகட்டிக்கொண்டு கண்ணாடியோடு முகத்தை வைத்தான். அவளும் குனிந்தாள்.

வெகுநேரம் பழுப்பு மட்டுமே இருந்தது. பிறகு கண்ணாடிக்கு மிக அருகில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு விலா வந்து, ஒரு கணம் தெரிந்து, பக்கவாட்டில் நகர்ந்து மறைந்தது. நீந்திப் போனதா, பம்பின் ஓட்டம் தள்ளிக்கொண்டு போனதா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. அது இன்னொரு சுற்று வரட்டும் என்று கண்ணாடியை விட்டு நகராமல் நின்றார்கள்.